அமுதம் கொணர்ந்த புள்ளும் ஊழிடம் தோற்ற புள்ளும்

தமிழ் - மலாய் ஒப்பிலக்கிய ஆய்வுகளில் கருடன் பெரும்பாலும் ஒரு சான்றுப் பொருளாகவே கையாளப்படுகின்றது. பெயர் ஒன்றாயிருப்பதால் பொருளும் ஒன்றே எனக் கொண்டு, இந்தியப் பண்பாடு இங்குப் பரவியமைக்கு அதனை எடுத்துக்காட்டி அமைந்துவிடுகிறோம். இவ்வணுகுமுறை போதாது என்பதே நம் கருத்தாகும்.

புறநானூற்றின் 56ஆம் பாடல் திருமாலைப் புட்கொடியோடு அடையாளப்படுத்துகின்றது. வைணவ மரபு கருடனைப் 'பெரிய திருவடி' எனப் போற்றுகின்றது. இப்பெருமைக்கு அடிப்படை மகாபாரதக் கதையாகும். பந்தயத்தில் தோற்றுக் கத்துருவுக்கு அடிமையான தாய் வினதையை மீட்கவே கருடன் அமுதம் கொணர்கின்றான். அதனைத் தான் உண்ணாத தன்னடக்கம் கண்டு திருமால் மகிழ்கின்றார். அதன் பயனாகவே அவன் கொடியில் மேலாகவும் ஊர்தியாய்க் கீழாகவும் ஒருங்கே நிற்கின்றான். கிள்ளான் சுந்தரராஜப் பெருமாள் கோயிலுக்குச் செல்லும் நம் மாணவர் அறிந்த கருடன் இவனே. வலிமை தானே விரும்பி ஏற்ற பணிவின் குறியீடு.

கெடாவின் தோற்றத்தைக் கூறும் 'ஹிக்காயாட் மெரோங் மகாவங்சா'வில் வரும் 'கெரோடா' வேறானது. ரூம் நாட்டு இளவரசனுக்கும் சீன இளவரசிக்கும் நிகழவிருக்கும் திருமணத்தைத் தடுக்க இயலும் என்று நபி சுலைமான் முன் அது சூளுரைக்கின்றது. இளவரசியைக் கவர்ந்து லங்காவித் தீவில் வைக்கின்றது. இளவரசனின் கப்பல்களைத் தாக்குகின்றது. ஆயினும் கடலில் தத்தளித்த இளவரசன் அதே தீவில் கரையேற, இருவரும் சந்திக்கின்றனர். பிரிக்க எடுத்த முயற்சியே இணைப்புக்கு வழியாகிவிடுகின்றது. இங்குக் கருடன் இறைவிதியை எதிர்த்துத் தோற்கும் செருக்கின் குறியீடு.

இம்மாற்றத்தைச் சிதைவு எனக் கருதுதல் தவறாகும். சுலைமான் முன் ஊழை மறுத்துத் தோற்கும் பறவையின் கதை இசுலாமிய உலகில் 'அன்கா' எனும் புள்ளின் மீது ஏற்றிச் சொல்லப்படுவது. மலாய்ப் புலவர் வடமொழிப் பெயரை ஏற்று, அதனை இசுலாமியக் கதைச் சட்டகத்துள் அமைத்துள்ளார். இது கடன் வாங்கல் மட்டுமன்று. தேர்ந்து செய்த ஆக்கமுமாகும். அதே உலகில் 12ஆம் நூற்றாண்டுப் பாரசீகக் கவிஞர் அத்தாரின் சீமுர்க் மற்றொரு திசையில் செல்கின்றது. அதனைத் தேடிச் சென்ற முப்பது பறவைகள் இறுதியில் தம்மையே சீமுர்க்காகக் காண்கின்றன.

இந்தோனேசியா 1950இல் ஏற்ற கருடச் சின்னத்தில் இறகுகளே பொருள் சுமக்கின்றன. சிறகுக்கு 17, வாலில் 8, கழுத்தில் 45 என அவை 1945 ஆகஸ்ட் 17ஆம் நாள் விடுதலை அறிவிப்பைக் குறிக்கின்றன. இங்குப் புள்ளின் மீது திருமால் இல்லை. அதன் மார்பில் நாட்டின் ஐந்து கொள்கைகளைக் காட்டும் கேடயமே உள்ளது.

தமிழ்க் கருடனும் கெடாக் கெரோடாவும் ஒரு புள்ளியில் சந்திக்கின்றன. இரண்டிலும் பேராற்றல் தன்னினும் மேலான ஒன்றின் முன் நிறுத்தப்படுகின்றது. ஒன்று தானே பணிகின்றது. மற்றொன்று பணிய வைக்கப்படுகின்றது. இவ்வேறுபாட்டில்தான் ஒப்பீட்டின் பயன் உள்ளது.

பிரிக்பீல்ட்ஸிலும் கிள்ளானிலும் தமிழ் பயிலும் மாணவர் மலாய் இலக்கியத்தையும் கற்பவரே. 'இது நம்மிடமிருந்து சென்றது' என்று மட்டும் கற்பிப்பின், அண்டை வீட்டாரின் இலக்கியத்தில் நம் முகத்தை மட்டுமே காணப் பழக்கியவராவோம். எங்கிருந்து வந்தது என்பதோடு, வந்த இடத்தில் என்ன பொருள் தருகின்றது என்று வினவுவதே ஒப்பிலக்கியத்தின் கடன் எனலாம்.