வேதியியல் கல்வியில் செயற்கை நுண்ணறிவு: ஆய்வுப் போக்குகளும் ‘காரம்’ என்னும் சொல்லும்

வேதியியல் கல்வியில் செயற்கை நுண்ணறிவு பற்றிய ஆய்வுகள் 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வெளியான பின்னரே தொடங்கின என்னும் கருத்து பரவலாக உள்ளது. அது பொருந்தாது. மாணவர் எழுதிய விளக்கத்தைக் கணினிவழி மதிப்பிடும் முயற்சி அதற்கு முன்பே நிகழ்ந்தது. டூட், ஃபீல்ட்ஸ், ராக்கர் ஆகியோரின் 2018ஆம் ஆண்டு ஆய்வு இதற்குச் சான்று. அமில-கார வினை ஒன்றை விளக்கிய மாணவர், லூயிஸ் கொள்கையைக் கையாண்டாரா என்பதை அவர்தம் சொற்களைக் கொண்டே அது கணித்தது.

2022க்குப் பிந்தைய ஆய்வுகளில் ஒருசாரார் தேர்வு வினாக்களை உரையாடு கருவிக்கு அளித்து மதிப்பெண்ணைக் கணக்கிடுகின்றனர். கருவியின் அடுத்த பதிப்பு வந்ததும் அம்முடிவுகள் பழையனவாகிவிடுகின்றன. மாணவரின் சிந்தனையை ஆராயும் முந்தைய போக்கே பயன்மிக்கது. ஆயினும் அது சொற்களை நம்பி நிற்பது. அச்சொற்களும் ஆங்கில விடைகளிலிருந்து திரட்டப்பட்டவை.

தமிழில் நிலைமை வேறு. தமிழ்நாட்டுப் பாடநூலின் தனிமம் இலங்கையில் மூலகம். சேர்மம் அங்கே சேர்வை. இவை வெவ்வேறு சொற்களாதலின் அட்டவணையிட்டு இணைத்துவிடலாம். ‘காரம்’ அவ்வாறன்று. தமிழ்நாட்டில் அது அமிலத்தின் எதிரிணை முழுவதையும் குறிக்கும். நீரில் கரைவது மட்டும் எரிகாரம். இலங்கையில் முழுவதற்கும் மூலம் என்பது பெயர். நீரில் கரைவதே காரம். எனவே “காரங்கள் அனைத்தும் நீரில் கரையும்” என்னும் தொடர் இலங்கை வழக்கில் சரி. தமிழ்நாட்டு வழக்கில் பிழை, காப்பர் ஹைட்ராக்சைடு நீரில் கரையாதாகலின். (சமையலறைக் காரத்தை இங்குச் சேர்க்கவில்லை.) விடையை முதலில் ஆங்கிலமாக்கி மதிப்பிடும் கருவி இந்த வேறுபாட்டை மொழிபெயர்ப்பிலேயே இழந்துவிடும், பிழை மாணவர் மீது ஏறும்.

இது ஏட்டளவிலான ஐயமன்று. இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்கள் அமைந்த மாவட்டங்களுள் திருவண்ணாமலையும் ஒன்று. அடி அண்ணாமலை போன்ற சிற்றூர்ப் பகுதியின் தமிழ்வழி மாணவர் பாடநூலில் ஒரு வழக்கையும், இலங்கையில் பயின்ற பெற்றோரிடம் மற்றொன்றையும் கேட்க நேரலாம்.

இரு வழக்கிற்கும் நெடிய மரபுண்டு. யாழ்ப்பாணத்தில் பணியாற்றிய சாமுவேல் ஃபிஸ்க் கிறீனின் முயற்சியால் ‘கெமிஸ்தம்’ 1875இல் அச்சேறியது. 1916இல் சேலத்தில் இராஜாஜி முதலியோர் தமிழ்ச் சாஸ்திர பரிபாஷைச் சங்கம் கண்டனர். ஒன்றை நீக்கி மற்றொன்றைத் தரப்படுத்துவது தீர்வாகாது. ஆசிரியர் மதிப்பிட்ட தமிழ் விடைகளின் தரவுத்தொகுப்பே முதல் தேவை. அதில் ஒவ்வொரு விடையுடனும் மாணவர் பயின்ற பாடத்திட்டமும் பதியப்பட வேண்டும்.