கட்டிய கையோடு ஆடிய கபுகி

ஜப்பானின் மரபு நாடகமான கபுகிக்கென்றே உள்ள டோக்கியோவின் கபுகிசா அரங்கில் ஆண்டின் எல்லா மாதமும் ஆட்டம் உண்டு. மாதத்துக்கு ஏறத்தாழ 25 நாள், பெரும்பாலும் நாளுக்குப் பகல் ஒன்று, இரவு ஒன்று. ஒவ்வொன்றும் இடைவேளைகளோடு நான்கு மணி நேரத்தைத் தாண்டும். கொரோனா வந்து இந்த வழக்கத்தை 2020 மார்ச் முதல் ஜூலை வரை ஐந்து மாதம் நிறுத்திப்போட்டது. ஆகஸ்ட் 1ஆம் தேதி அரங்கு மீண்டும் திறந்தது. நியூயார்க்கின் பிராட்வேயில் நாடகங்கள் திரும்ப அடுத்த ஆண்டு ஆயிற்று என்பதை நினைத்தால், இது எவ்வளவு சீக்கிரம் என்பது விளங்கும்.

திறந்த விதம் கவனிக்கத்தக்கது. ஒரு நாள் நான்கு தனிப் பகுதிகளாக உடைக்கப்பட்டது. ஒரு பகுதிக்கு ஒரே ஒரு நாடகம் அல்லது நடனம். நேரம் ஒரு மணியை ஒட்டி. ஒரு பகுதி முடிந்ததும் பார்வையாளர்கள் வெளியேற, அரங்கைத் துடைத்துச் சுத்தம் செய்தபின் அடுத்த கூட்டம் உள்ளே வரும். நடிகர்கள், இசைக் கலைஞர்கள், மேடைப் பணியாளர்கள் எல்லாரும் பகுதிக்குப் பகுதி வேறு. ஒரு குழு இன்னொரு குழுவைச் சந்திக்கவே கூடாது. 1,808 இருக்கைகளில் பாதிக்கும் குறைவாகத்தான் விற்றார்கள். முன்வரிசையும், பார்வையாளர் நடுவே மேடை வரை நீளும் ஹனமிச்சி நடைபாதையை ஒட்டிய இடங்களும் காலியாக விடப்பட்டன. இருக்கையில் உணவு கூடாது, குரல் எழுப்பவும் கூடாது. மேடையிலிருந்த பாடகர்களும் ஷமிசென் என்ற தந்தி வாத்தியக் கலைஞர்களும் முகத்தின் கீழ்ப்பாதியைக் கறுப்புத் துணியால் மறைத்துக்கொண்டார்கள்.

இதைத் துணிச்சல் என்று மெச்சலாம், வணிகச் சமரசம் என்று ஒதுக்கவும் செய்யலாம். இரண்டுக்கும் சான்று கிடைக்கும். ஆனால் அந்தப் பருவத்தைக் கூர்ந்து பார்த்தால் வேறொன்று புலப்படுகிறது. கபுகியை அவ்வளவு விரைவில் எழுந்து நிற்கவைத்த குணமும், எழுந்தபின் அதைச் சுருங்கவைத்த குணமும் ஒன்றே.

அந்தக் குணம் என்ன? கபுகி நடிகர் குழந்தைப் பருவத்திலேயே மேடையேறுகிறார். பெரும்பாலும் தந்தை ஆடிய பாத்திரங்களையே தானும் ஆடுகிறார். நூற்றுக்கணக்கான நாடகங்கள், அவற்றின் அசைவுகள், வசனத்தின் ஏற்ற இறக்கங்கள் எல்லாம் வழிவழியாக உடம்பில் ஏறியவை. ஆகையால் ஒரு மாத நிகழ்ச்சிக்குச் சில நாள் ஒத்திகையே போதும். இயக்குநர் ஒருவர் வாரக்கணக்கில் நடிகர்களை ஓர் அறையில் வைத்துப் பழக்கவேண்டிய நாடகக் குழுவுக்குப் பெருந்தொற்றுக் காலத்தில் ஒத்திகை அறையே முதல் ஆபத்து. கபுகிக்கு அந்த ஆபத்து மிகச் சிறிதாகவே இருந்தது.

இதன் பலனை அந்த ஆண்டு டிசம்பரில் பார்க்க முடிந்தது. பெண்வேடத்தில் தலைசிறந்தவரான பன்டோ தமசாபுரோ, தொற்றாளர் ஒருவருடன் நெருங்கியிருக்கலாம் என்ற ஐயத்தால் மாதத்தின் முதல் வாரம் மேடை ஏறவில்லை. அதே நிகழ்ச்சியில் நடித்த ஓனோயே கிகுனோசுகே அவருடைய பாத்திரத்தை ஏற்றார். நட்சத்திரம் இல்லையென்றால் காட்சி ரத்து என்பதே பல நாடக உலகங்களின் நிலை. இங்கே ஆள் மாறியும் ஆட்டம் நின்றுவிடவில்லை.

ஆகஸ்ட் நிகழ்ச்சியில் இரண்டாம் பகுதிக்குத் தேர்ந்தெடுத்த நடனம் இந்தப் பலத்தின் நல்ல அடையாளம். ‘போஷிபரி’ 1916இல் கபுகிக்கு வந்தது. கியோகென் என்ற பழைய நகைச்சுவை நாடக வகையிலிருந்து எடுக்கப்பட்டது. எஜமான் வெளியூர் போகும்போதெல்லாம் வேலைக்காரர் இருவர் அவருடைய சாகே மதுவைத் திருடிக் குடிக்கிறார்கள். இந்த முறை எஜமான் முந்திக்கொள்கிறார். ஒருவனுடைய இரு கைகளையும் விரித்துத் தோளில் கிடத்திய நீண்ட கழியோடு கட்டுகிறார், மற்றவனுக்குப் பின்கட்டு. அவர் தலை மறைந்ததும் இருவரும் யோசிக்கிறார்கள். கழியில் கட்டுண்டவனுக்கு விரல்கள் அசையும், கிண்ணத்தைப் பிடிக்க முடியும், ஆனால் தன் வாய்க்குக் கொண்டுவர முடியாது. எனவே நண்பனுக்கு ஊட்டுகிறான். பிறகு நண்பன் பின்கையில் கிண்ணத்தை ஏந்தி நிற்க, இவன் குனிந்து குடிக்கிறான். போதை ஏற ஏறக் கட்டுண்ட கைகளோடே இருவரும் ஆடத் தொடங்குகிறார்கள்.

கைவீச்சே உயிரான ஒரு நடன மரபில் கையைக் கட்டிவிட்டு ஆடச் சொல்வது நடிகருக்கு வைக்கும் பெரிய சோதனை. எடை முழுதும் இடுப்புக்கும் பாதத்துக்கும் இறங்கவேண்டும். கழியின் நுனி ஒரு சாண் தவறினாலும் சமநிலை குலைந்தது பார்ப்பவருக்குத் தெரிந்துவிடும். நகமுரா கன்குரோவும் பன்டோ மினோசுகேயும் இதை ஆடினார்கள். இவர்களின் தந்தையரான, வழிவழியாக வரும் மேடைப்பெயர்களைத் தாங்கிய பதினெட்டாம் கன்சாபுரோவும் பத்தாம் மிட்சுகோரோவும் சேர்ந்து ஆடிப் புகழ்பெற்ற நடனம் இது. வசனத்தில் தொற்று என்ற சொல் வரவேண்டிய தேவையே இல்லை. கட்டுப்பாட்டைச் சாக்காகச் சொல்லாமல் அதையே ஆட்டத்தின் கருவாக்கிக்கொண்ட தேர்வு என்பதால் அந்த நாலில் இதுவே சிறந்தது.

இனி மறுபக்கம். எல்லாருக்கும் எல்லாம் தெரிந்திருக்கும் மரபில், நீண்ட நாடகத்திலிருந்து ஒரு காட்சியை மட்டும் வெட்டி எடுத்து ஆடுவது எளிது. கபுகிசா தொற்றுக்கு முன்பே அப்படித்தான் இயங்கியது. ஒரு பகலில் மூன்று வெவ்வேறு நாடகங்களின் துண்டுகள் வரும். ஆனாலும் சோகக் காட்சி ஒன்று, நடனம் ஒன்று, நகர வாழ்க்கைக் கதை ஒன்று எனச் சுவை மாறி ஒரு முழுமை கிடைத்தது. நான்கு பகுதி ஏற்பாடு அந்தக் கதம்பத்தையும் உதிர்த்துவிட்டது. ஆகஸ்டில் நான்கில் மூன்று நடனம்: ‘ரென்ஜிஷி’, ‘போஷிபரி’, ‘யோஷினோயாமா’. வசன நாடகம் ‘கென்யாதனா’ காட்சி ஒன்று மட்டுமே. நடனத்தில் ஆட்கள் குறைவு, பேச்சு குறைவு, ஆகவே ஆபத்தும் குறைவு. தர்க்கம் சரிதான். ஆனால் பத்துப் பதினைந்து பேர் ஒரு கூடத்தில் அமர்ந்து ஒரு தலைவனின் வீழ்ச்சியை முடிவு செய்யும் பெரிய வரலாற்று நாடகங்கள் கபுகியின் முதுகெலும்பு. அவைதான் முதலில் விடுபட்டன.

காசுக் கணக்கும் இதில் உண்டு. கபுகிசாவை நடத்தும் ஷோச்சிகு 1895 முதல் இயங்கும் தனியார் நிறுவனம். அரங்கு ஓடச் சீட்டு விற்கவேண்டும். தொற்றுக்கு முன் ஒரு பகல் அல்லது இரவு ஆட்டத்துக்கு முதல் வகுப்புச் சீட்டு வழக்கமாக 18,000 யென். ஆகஸ்டில் 8,000 யென். மாலையில் வேலை முடிந்து வரும் இளைஞருக்கு இது நல்ல செய்தி. ஒரு மணி நேரத்தில் கபுகியை அறிமுகம் செய்துகொள்ளலாம். நான்கையும் பார்க்க விரும்பும் பழைய ரசிகர் 32,000 யென் கொடுத்து, முன்பு ஒரே பகலில் கிடைத்த அளவுக்குத்தான் பார்த்தார். இன்னொரு முரணும் உண்டு. கபுகிசாவின் நான்காம் மாடியில், அன்றன்று வரிசையில் நின்று ஒரே ஓர் அங்கத்துக்கு மட்டும் மலிவாகச் சீட்டு வாங்கும் இடம் இருந்தது. அரங்கமே ஒற்றை அங்க அரங்காக மாறிய நாளில் அந்த மலிவு இடம் மூடிக் கிடந்தது. அது மீண்டும் திறந்தது 2023 ஜூனில்.

சிறு பாத்திர நடிகர்களுக்கு இழப்பு இன்னும் ஆழம். புகழ்பெற்ற குடும்பத்தில் பிறக்காதவர்கள் கபுகியைக் கற்பது கூட்டக் காட்சியில் காவலாளாகவும் பணிப்பெண்ணாகவும் நின்றுதான். மேடை ஓரத்தில் மறைந்து நின்று மூத்தவரின் ஆட்டத்தைப் பார்த்துத்தான். இருவர் நடனத்தில் கூட்டத்துக்கு இடமில்லை. பகுதிக்குப் பகுதி ஆள் கலக்கக்கூடாது என்ற விதி மேடை ஓரத்தையும் மூடிற்று. சுகாதாரத்துக்கு அந்த விதி அவசியம். ஆனால் பயிற்சி முறையே அதனால் அறுபட்டது. மேடைக்கு வெளியே கருவி செய்பவர்களும் தப்பவில்லை. 1885இல் தொடங்கிய, ஜப்பானின் மிகப் பெரிய ஷமிசென் தயாரிப்பு நிறுவனமான டோக்கியோ வகக்கி 2020இல் மூடும் நிலைக்கு வந்து, ஆதரவாளர்களின் உதவியால் தப்பியது. கருவி வாங்குபவர் இல்லாவிட்டால் கருவி செய்பவர் இருக்கமாட்டார். மரபு நடிகரின் உடம்பில் மட்டும் இருப்பதில்லை என்பதைத் திரையைத் திறந்தால் போதும் என்ற அவசரம் மறந்துவிட்டது.

எல்லாவற்றையும்விடப் பெரிய இழப்பு குரல். கபுகியில் உச்சக் கணம் வரும்போது நடிகர் தலையைச் சுழற்றி, கண்ணை உருட்டி, அப்படியே உறைந்து நிற்பார்; இதுவே மியே. மேடை ஓரத்தில் ஒருவர் கட்டைகளால் பலகையில் தட்டி அந்தக் கணத்தைச் செதுக்குவார். அந்த உறைவின் விளிம்பில் மேல்மாடியின் பின்வரிசையிலிருந்து “நகமுராயா!”, “யமதோயா!” என்று நடிகர் குடும்பத்தின் மரபுப் பெயரைக் கூவும் குரல் வரும். கூவுபவர்கள் ஓமுக்கோ எனப்படும் தேர்ந்த ரசிகர்கள். கச்சேரியில் கோர்வை சமத்தில் வந்து விழும்போது எழும் ‘பலே’யைப் போல இதுவும் தாளத்துக்குள் அடங்கியது. அரை நொடி முந்தினால் நடிகரின் மூச்சைக் கெடுக்கும், பிந்தினால் பயனில்லை. நடிகரும் அந்தக் குரலுக்கென்றே ஓர் இடைவெளி விட்டு ஆடுகிறார்.

ஆகஸ்டில் இடைவெளி இருந்தது, குரல் இல்லை. இதில் ஒரு சிறு லாபம் உண்டு: ஹனமிச்சிப் பலகையில் பாதம் உரசுவதும், பாடகர் மூச்சு எடுப்பதும் அமைதியில் துலக்கமாகக் கேட்கும். ஆனால் அது ஆவணப்பதிவின் துலக்கம். மியே கேள்வியாகவே நின்றுவிடுகிறது. தடை விதித்ததில் தவறில்லை; வாய் திறந்து கூவுவதுதான் தொற்றுப் பரவ எளிய வழி. குரலுக்கு விட்ட இடத்தை வேறெதனால் நிரப்பலாம் என்று நிகழ்ச்சி அமைப்பு யோசிக்காததே குறை. பார்வையாளர் ஆட்டத்தில் பங்காளி என்ற நிலையிலிருந்து, இடம் விட்டு அமர்த்தவேண்டிய தலைக்கணக்காக ஆனார். 2022 நவம்பரில், பதின்மூன்றாம் டான்ஜூரோ என்ற நடிகரின், தொற்றால் தள்ளிப்போன மேடைப்பெயர் ஏற்பு விழாவின்போதுதான் ஓமுக்கோ குழுக்களின் குரல் கட்டுப்பாடுகளோடு திரும்பியது.

அரங்கு மூடியிருந்த மாதங்களில் இணையத்தில் நடந்தவற்றோடு ஒப்பிட்டால் இந்தக் குறை இன்னும் தெளிவாகும். ரத்தான மார்ச் மாத நிகழ்ச்சிகளை ஷோச்சிகு ஆளில்லா அரங்கில் படமாக்கி யூடியூபில் இலவசமாகத் தந்தது. ஜப்பானின் தேசிய அரங்கமும் கிகுனோசுகே நடித்த ‘யோஷிட்சுனே செம்போன் சகுரா’ நாடகத்தை அப்படியே வெளியிட்டது. முழுக் கதையையும் தொடர்ச்சியாகப் பார்க்கும் வாய்ப்பு டோக்கியோ போகமுடியாத உலக ரசிகர்களுக்குக் கிடைத்தது. ஜூன் இறுதியிலிருந்து நடிகர் மட்சுமோட்டோ கோஷிரோ சூம் வழியாகச் ‘சூஷிங்குரா’வைச் சனிக்கிழமைதோறும் பகுதி பகுதியாக இணையத்தில் நடத்தினார். 1748இல் பொம்மலாட்டமாகப் பிறந்த அந்த நாடகத்துக்குப் பதினொரு அங்கம். பெரிய அரங்கு துண்டுகளோடு நின்றுகொள்ள, கையகலத் திரை முழுக் கதையைத் தொட முயன்றது. முயற்சி முற்றும் வெற்றி என்று சொல்லமாட்டேன். மூன்றாம் மாடிக்கும் தெரியவேண்டுமென்று தீட்டிய ஒப்பனை கேமராவின் நெருக்கத்தில் முகமூடி ஆகிவிடுகிறது. தனித்தனி இடத்தில் நிற்கும் இருவரின் பகையைக் கட்டங்களுக்கிடையே மூட்டுவதும் கடினம். ஆயினும் ஊடகத்தை மாற்றினால் நாடகத்தையும் மாற்றவேண்டும் என்பதை அவர் புரிந்துகொண்டிருந்தார்.

இந்த மாற்றத்தை நுட்பமாகச் செய்தவர் மூத்த கபுகி நடிகர் நகமுரா கிச்சியெமோன். 76 வயதில், ஆகஸ்ட் இறுதியில், ‘சுமா நோ உரா’ என்ற தனிநடிப்பை மட்சு கன்ஷி என்ற புனைபெயரில் தாமே எழுதி, கின்சாவின் கன்சே நோ நாடக அரங்கில் பார்வையாளர் இன்றிப் படமாக்கி இணையத்தில் தந்தார். போர்க்களத்தில் இளவரசன் அத்சுமோரியைக் காப்பாற்றத் தன் மகனையே பலிகொடுக்கும் வீரன் குமகாயின் கதை. ஒப்பனை இல்லை, வேட உடை இல்லை, எதிரே நிற்க ஆளும் இல்லை. வெறுமையை மறைக்க அவர் முயலவில்லை. மகனை இழக்கும் தகப்பன் தனியாக நிற்பதைக் காட்ட ஆளில்லா அரங்கே பொருத்தமான களமாயிற்று. கிச்சியெமோன் 2021 நவம்பரில் காலமானார். அவர் விட்டுப்போன கடைசிப் பணிகளில் ஒன்றாக இந்தப் பதிவு நிற்கிறது.

‘போஷிபரி’யும் ‘சுமா நோ உரா’வும் ஒரு பக்கம்; வெட்டிச் சுருக்கிய நான்கு பகுதி ஏற்பாடு மறுபக்கம். முன்னவை கட்டுப்பாட்டை வைத்து ஆட்டத்தை அமைத்தன. பின்னது ஆட்டத்திலிருந்து கழித்துக்கொண்டே போய், மிஞ்சியதைப் பழைய பெயரிலேயே தந்தது. 2021 ஜனவரியில் நான்கு மூன்றாகி, ஒவ்வொரு பகுதியிலும் நாடகங்கள் கூடியது முன்னேற்றம். ஆனால் அந்த மூன்று பகுதி ஏற்பாடு நெடுநாள் நீடித்ததற்குத் தொற்றை மட்டும் காரணம் சொல்ல முடியாது. நிர்வாகத்துக்கு அது வசதியாக இருந்தது. ஐந்து மாதத்தில் திறந்தது சாதனை என்றே வரலாறு எழுதும்; எழுதட்டும். அத்தனை குடும்பங்களின் பிழைப்பு அதில் தொங்கியது. ஆனால் அந்த மாதங்களில் நான்கு பகுதிகளையும் ஒரே நீண்ட நாடகத்தின் நான்கு அங்கங்களாக்கி, விருப்பப்பட்டவர் முழுவதையும் பார்க்கும்படி ஒரு மாதமாவது அமைத்திருக்கலாம். நடிகர்களுக்கு வசனம் தெரியும், ஒத்திகைக்கு அதிக நாள் வேண்டாம், ஆட்களையும் கலக்காமல் பிரித்திருக்கலாம். இதைச் செய்யக்கூடிய மரபு உலகில் மிகச் சிலவே. கபுகி அவற்றில் ஒன்று. கையில் இருந்த அந்தப் பலத்தைத் தப்பிப் பிழைப்பதற்குச் செலவழித்த அளவுக்கு, வளர்வதற்குச் செலவழிக்கவில்லை என்பதே அந்தப் பருவத்தின் மீது வைக்கக்கூடிய நியாயமான குற்றச்சாட்டு.