கடைசியாகத் திறக்கும் பெட்டி

குதிரைமொழித் தேரியின் செம்மணலில் பின்சக்கரம் மட்டும் சுற்றினால் வண்டி தனக்கே குழி தோண்டிக்கொள்ளும். முன்சக்கரமும் சேர்ந்து இழுத்தால்தான் மேலே வரும். அந்த நேரம் பார்த்து ஃபோர் வீல் விழ மறுத்தால் அடுத்து பட்டறைதான். தூத்துக்குடிப் பக்கத்துப் பட்டறைகளில் இந்தப் பழுதைக் கண்டுபிடிக்கும் விதத்தைப் பார்ப்பது எனக்குப் பெரும் சுகம். விசையை முன், பின் அச்சுகளுக்குப் பிரித்து அனுப்பும் பெட்டியான ட்ரான்ஸ்ஃபர் கேஸைக் கைதேர்ந்தவர் கடைசியாகத்தான் தொடுவார்.

பழைய மஹிந்திரா சிஜே 3பி ஜீப்பை எடுத்துக்கொள்ளுங்கள். தரையில் மூன்று கைப்பிடிகள். ஒன்று கியர், ஒன்று முன் அச்சைச் சேர்க்க, இன்னொன்று ஹை, லோ மாற்ற. "லோ விழ மாட்டேங்குது அண்ணாச்சி, பெட்டி போயிட்டு" என்று வருகிறவரிடம் நல்ல மெக்கானிக் முதலில் கேட்பது, முன் அச்சுக் கைப்பிடி முழுசாக விழுந்ததா என்பதைத்தான். அந்த இரண்டு கைப்பிடிகளின் தண்டுகளுக்கும் நடுவே சின்னதாக ஒரு இரும்புத் துண்டு இருக்கிறது. முன் அச்சு சேராமல் லோ விழ அது விடாது. லோவின் முழு முறுக்கும் பின் அச்சின் தலையில் மட்டும் இறங்கிவிடக் கூடாது அல்லவா? ஆக, பெட்டி அதன் வேலையை ஒழுங்காகத்தான் செய்கிறது. முன் அச்சுக் கைப்பிடி முழுசாக விழ, துருவேறிய கம்பிக்குக் கொஞ்சம் எண்ணெய், தேய்ந்த புஷ்ஷுக்கு மாற்று, அதோடு தீர்ந்தது. அந்தத் துண்டை யோசித்தவரை நினைத்தால் இன்றும் எனக்குப் பிரமிப்புதான்.

விழுந்த ஃபோர் வீல் வெளியே வராமல் போவது இன்னும் நுட்பமான விஷயம். தேரியிலிருந்து ஏறி, மாற்ற மறந்து தார்ச்சாலையில் ஓட்டி வந்தவர்களுக்கு இது நேரும். வளைவில் முன்சக்கரங்கள் பின்சக்கரங்களைவிட அதிக தூரம் ஓடுகின்றன. மணலில் டயர் வழுக்கி அந்த வித்தியாசத்தைத் தீர்த்துக்கொள்ளும். தார் வழுக்க விடாது. மிஞ்சுவதெல்லாம் ஷாஃப்ட்டுகளில் முறுக்காக ஏறி, பற்களைக் கவ்விப் பிடித்துவிடும். கைப்பிடியோடு மல்லுக்கட்டினால் உள்ளே பற்களை நகர்த்தும் ஃபோர்க் வளையும். தெரிந்தவர் ஏறி உட்கார்ந்து, ஸ்டீயரிங்கை நேராக வைத்து, மெதுவாகப் பின்னால் எடுப்பார். டக்கென்று ஒரு சத்தம். கைப்பிடி இரண்டு விரலுக்கு வந்துவிடும். இதற்குக் கூலி கேட்கப் பலரும் கூச்சப்படுகிறார்கள். கட்டாயம் கேட்க வேண்டும். ஸ்பேனர் எடுக்காமல் செய்தாலும் வேலை வேலைதான். இறங்கியதும் அவர் கண் டயருக்குப் போகும். மணலுக்காகக் காற்றைக் குறைத்துவிட்டு அப்புறம் இரண்டில் மட்டும் நிரப்பியிருந்தாலோ, முன்னால் புது டயரும் பின்னால் மொட்டை டயருமாக இருந்தாலோ, நேர்ச்சாலையிலும் முறுக்கு ஏறும்.

உப்பளத்தில் ஓடும் வண்டிக்கு நோய் வேறு. டாஷ்போர்டில் ஃபோர் வீல் விளக்கு எரியும், முன்சக்கரம் இழுக்காது. பல வண்டிகளில் விளக்கின் சுவிட்ச் ட்ரான்ஸ்ஃபர் கேஸில் இருப்பதால், ஃபோர்க் நகர்ந்தது மட்டுமே அதற்குத் தெரியும். அங்கிருந்து ஷாஃப்ட், கிரவுன், ஆக்சில், ஹப் என்று விசை எவ்வளவோ தூரம் போக வேண்டும். எங்கே அறுந்தது என்று தேடுவதில்தான் முழு ரசனையும். பின்சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, ஃபோர் வீல் போட்டு, இன்ஜினை நிறுத்தி, ஒரு முன்சக்கரத்தை மட்டும் ஜாக்கியில் தூக்கிக் கையால் சுற்றுவார்கள். சுற்ற முடியாமல் நின்றால் எல்லாம் பிடித்திருக்கிறது. சக்கரம் சுற்றியும் உள்ளே ஆக்சில் அசையவில்லை என்றால், இரண்டையும் பிணைக்கும் ஹப் பூட்டவில்லை. அது வேக்குவத்தில் பூட்டும் ஹப்பாக இருந்தால், வெயிலில் வெடித்த ஒரு ரப்பர் குழாய்கூடக் காரணமாக இருக்கலாம்.

பட்டன் வைத்த வண்டிகளில் காதுதான் கருவி. பட்டனைத் திருப்பியதும் அடியில் மோட்டார் முனகுகிறதா? சத்தமே இல்லையென்றால் ஃபியூஸ், ரிலே, பிறகு கனெக்டர். உப்புக் காற்றில் அதன் செம்புக் கால்கள் பச்சை பூத்திருக்கும். சுத்தம் செய்து கிரீஸ் வைத்தால் பெரும்பாலும் உயிர் வந்துவிடும். மோட்டார் ஓடியும் விழவில்லை என்றால்தான் பெட்டியைத் திறக்கும் பேச்சே வரும்.

இந்தக் கரையில் அதிகம் இறுகிப்போவது, வாங்கிய நாளிலிருந்து ஒருமுறைகூடப் போடாத ஃபோர் வீல்கள். மாதம் ஒரு தடவையாவது மணலில் இறக்கி, போட்டு எடுத்து, கொஞ்ச தூரம் ஓட்டச் சொல்வார்கள். தார்ச்சாலையில் வேண்டாம்.