சாம்பிளிங்: ஒரு கலைச்சொல் நோக்கு

அமெரிக்க ஹிப்-ஹாப் இசைத்தயாரிப்பாளர் நைந்த் வொண்டர், ‘லிட்டில் பிரதர்’ குழுவின் ‘தி லிசனிங்’ (2003) தொகுப்பால் அறியப்பட்டவர். 2007இல் வட கரோலினா மத்தியப் பல்கலைக்கழகத்தில் கற்பிக்கத் தொடங்கினார். 2010இல் டியூக் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் மார்க் அந்தோணி நீலுடன் இணைந்து ‘சாம்பிளிங் சோல்’ என்னும் பாடத்தை நடத்தினார். 2012இல் ஹார்வர்டில் ஆய்வுநல்கை பெற்றார்.

பழைய சோல் இசைத்தட்டின் துணுக்கை வெட்டிப் புதிய தாளத்தில் அமைப்பதே சாம்பிளிங். இதனை ‘மாதிரியெடுத்தல்’ எனல் பொருந்தாது. அச்சொல் ஆய்வகத்தையும் புள்ளியியலையுமே சுட்டும். ‘எடுத்தாளல்’ என்பதே ஏற்புடைத்து. ஆயின் ஒரு வேறுபாடு கருதத்தக்கது: உரையாசிரியர் தம் மேற்கோளை ‘என்றார்’ எனச் சுட்டிச் செல்வர், பாட்டிலோ அச்சுட்டு இல்லை. கேட்போரை மூலத்திற்கு ஆற்றுப்படுத்தும் அப்பணியையே இவருடைய வகுப்பறை நிறைவு செய்கிறது. எனவே இவருடைய கற்பித்தலை இசைப்பணியின் உரைப்பகுதி எனக் கொள்ளுதல் தகும்.