டிராகன் பால் சண்டை ஆட்டங்கள்: மரபும் கிளைகளும்

இரு வீரர்கள் ஒரே திரையில் எதிரெதிரே நின்று மோத, எவருடைய உயிர்ப்பட்டை முதலில் காலியாகிறதோ அவர் தோற்றார் என்று தீர்க்கும் வீடியோ கேமைச் சண்டை ஆட்டம் என்பர். இவ்வகைக்கு இலக்கணம் வகுத்தது கேப்காம் நிறுவனம் 1991இல் வெளியிட்ட 'ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2'. பின்னர் வந்த ஆட்டங்கள் பெரும்பாலும் அவ்விலக்கணத்தின் வழியே நடந்தன. அனிமே எனப்படும் ஜப்பானிய இயங்குபடத் தொடர்களிலிருந்து பிறந்த சண்டை ஆட்டங்களுக்கு அது அத்தனை எளிதாக வாய்க்கவில்லை; ஏனெனில் அவற்றின் வீரர்கள் வேறோர் உலகத்தின் விதிகளோடு வந்தவர்கள்.

அகிரா தொரியாமா 1984இல் 'ஷோனென் ஜம்ப்' வார இதழில் தொடங்கிய 'டிராகன் பால்' என்னும் சித்திரத் தொடர்கதை, 1986இல் தொலைக்காட்சிக்கு வந்து, 1989 முதல் 1996 வரை 'டிராகன் பால் இசட்' என்ற பெயரில் 291 பகுதிகளாக ஒளிபரப்பானது. இக்கதையின் வீரர்கள் பறப்பவர்கள். மலைகளைக் கடந்து நின்று ஒளிக்கற்றைகளை வீசுபவர்கள். மூச்சைத் திரட்டுவதுபோல் 'கி' என்னும் உள்ளாற்றலைத் திரட்டுபவர்கள். கையெட்டும் தொலைவில் நடக்கும் சண்டைக்கென வகுக்கப்பட்ட ஒற்றைத் திரைக்குள் இவர்களை அடைப்பது எப்படி என்ற கேள்விக்குச் சொல்லப்பட்ட விடைகளே இம்மரபின் கிளைகள்.

தலையாய விடை 1993 மார்ச்சில் சூப்பர் ஃபேமிகாம் என்னும் ஆட்டக் கருவிக்காக வெளிவந்த 'சூப்பர் புட்டோடென்'. பாண்டாய் வெளியிட, டோசே நிறுவனம் உருவாக்கிய இவ்வாட்டத்தில், வீரர்கள் நெருங்கியிருக்கும்வரை திரை ஒன்றாகவே இருக்கும்; விலகத் தொடங்கியதும் நடுவே ஒரு கோடு விழுந்து திரை இரண்டாகப் பிளக்கும்; ஒவ்வொருவரும் தத்தம் பாதியில் தனித்து நிற்பர். மண்ணில் நிற்பவரும் விண்ணில் பறப்பவரும் இவ்வாறே பிரிக்கப்பட்டனர். எதிரி கைக்கு எட்டாத அந்த இடைவெளியில்தான் ஆற்றலைத் திரட்ட நேரம் கிடைக்கும். திரட்டும்போது காவல் இல்லை என்பதால், விலகுவதும் நெருங்குவதும் தாக்குவதற்கு இணையான கலையாயின. பெரிய ஒளிக்கற்றை புறப்பட்டதும் ஆட்டம் காட்சியாக மாற, எதிர்நிற்பவர் உரிய பொத்தான்களை உரிய நேரத்தில் அழுத்தித் தடுக்கவோ தட்டிவிடவோ வேண்டும். உடலசைவில் இவ்வாட்டம் சற்று விறைப்பானது என்பதை மறுக்க இயலாது. ஆனால் தொலைவையே ஆயுதமாக்கிய அதன் சிந்தனை கதையின் உள்ளிருந்து வந்தது. அதே ஆண்டு டிசம்பரில் வந்த இரண்டாம் ஆட்டம் அந்த விறைப்பையும் பெருமளவு நீக்கியது.

இவ்விடத்தில் பாரதக் கூத்தை நினைப்பது பொருந்தும். பதினெட்டாம் நாள் துரியோதனன் வீழ்வான் என்பதை அறிந்தே மக்கள் விடிய விடிய அமர்ந்திருக்கிறார்கள். அவன் எவ்வாறு வீழ்கிறான் என்பதில்தான் அவர்கள் கண் இருக்கிறது. அனிமேச் சண்டை ஆட்டமும் தெரிந்த கதையிலேயே தொடங்குகிறது. முடிவு மட்டும் ஆடுபவர் கைக்கு மாறிவிடுகிறது. ஆகவே கதையில் தோற்ற வில்லன் ஃப்ரீசா இங்கே நாயகன் கோகுவை வென்றாலும், அந்த வெற்றி அக்கதையுலகின் விதிகளால் வந்ததாக இருக்க வேண்டும். முகமும் குரலும் ஒத்திருப்பதைக் காட்டிலும் இதுவே இம்மரபுக்கு உரிய அளவுகோல்.

புதுச்சேரி வாசகர் அறிய வேண்டிய செய்தி ஒன்று உண்டு. நோணாங்குப்பத்திலிருந்து நகருக்குள் வருபவர் பிரெஞ்சுப் பெயர் தாங்கிய தெருப்பலகைகளை இன்றும் காண்கிறார். அந்த பிரெஞ்சு மொழியே இவ்வாட்டங்கள் ஜப்பானுக்கு வெளியே பேசிய முதல் மொழிகளுள் ஒன்று. 'க்ளப் டோரோத்தே' என்னும் சிறுவர் நிகழ்ச்சி 1988 முதல் பிரான்சில் டிராகன் பாலை ஒளிபரப்பி வந்தமையால், அமெரிக்கச் சந்தையை எட்டாத புட்டோடென் கேசட்டுகள் அங்கே பிரெஞ்சு எழுத்துகளோடு விற்பனைக்கு வந்தன. பிரெஞ்சுச் சிறுவர்க்குக் கோகு 'சங்கோகு' ஆனான். அவன் மகன் 'சங்கோஹான்' ஆனான். ஜப்பானில் நொடிக்கு அறுபது முறை புதுப்பிக்கப்பட்ட படம் ஐரோப்பியத் தொலைக்காட்சி முறையில் ஐம்பதாகக் குறைந்ததால், அக்கருவிகளின் ஆட்டங்கள் பல ஆறில் ஒரு பங்கு வேகத்தை இழந்தன. விரைவே உயிரான கலைக்கு இது சிறிய இழப்பன்று.

பிற கிளைகளைச் சுருங்கச் சொல்லலாம். 1996இன் 'ஹைப்பர் டைமென்ஷன்' பிளவுத் திரையைக் கைவிட்டு, எதிரியை ஒரு தளத்திலிருந்து இன்னொரு தளத்துக்கு அடித்து அனுப்பும் முறையைக் கொண்டது. அசைவின் மென்மையில் பழைய கருவியின் உச்சம் அது. 1997இன் 'ஃபைனல் பவுட்' முப்பரிமாண உருவங்களை நம்பி வேகத்தைப் பறிகொடுத்தது. 2002இல் டிம்ப்ஸ் நிறுவனத்தின் 'புடோக்காய்' நெருங்கிநின்று தாக்கும் வழியையும், 2005இல் ஸ்பைக் நிறுவனம் தொடங்கிய 'புடோக்காய் தென்காய்ச்சி' வீரரின் முதுகுக்குப் பின்னிருந்து பரந்த வெளியில் பறந்து போரிடும் வழியையும் வகுத்தன. புட்டோடென் கோடிட்டுக் காட்டிய தொலைவுக்கு உண்மையான வாரிசு பின்னதே. ஆர்க் சிஸ்டம் ஒர்க்ஸ் 2018இல் உருவாக்கிய 'ஃபைட்டர்இசட்', மூவர் அணிகளாக மோதும் ஆட்டம். அவ்வாண்டு ஈவோ என்னும் சண்டை ஆட்டப் போட்டியின் இறுதியில் அமெரிக்காவின் சோனிக்ஃபாக்ஸ் ஜப்பானின் கோ1 என்பவரை வென்றபோது, அனிமே ஆட்டம் விசிறிகளுக்கான பொம்மை என்ற பழைய ஏளனம் செல்லாமற்போனது.

தேர்ச்சியை மட்டும் அளவாகக் கொண்டால் ஃபைட்டர்இசட்டே முதலிடம் பெறும். கதையின் விதியையே ஆட்டத்தின் விதியாக்கிய அருமையை அளவாகக் கொண்டால், அந்த இடம் 1993 டிசம்பரில் வந்த இரண்டாம் சூப்பர் புட்டோடெனுக்கே உரியது.