குளிர் காலம், கவனம்

சென்ற வருடம் குளிர் தொடங்கிய நாட்களில் சமூக வலைத்தளம் ஒன்றில் சிறு குறிப்பு எழுதியிருந்தேன். புகலிடத்துக் கோயில் நிர்வாகங்களிலும் கல்யாணப் பேச்சுகளிலும் சாதி எவ்வளவு பத்திரமாகக் கொண்டுவரப்பட்டிருக்கிறது என்பது பற்றியது. புதிதாக ஒன்றுமில்லை, எல்லோருக்கும் தெரிந்த விடயம். அதன் கீழே, பெயரும் படமும் பொய்யான ஒருவர் இப்படி எழுதினார்: “தம்பி, இரவு பதினொண்டுக்குப் பின்கதவாலைதானே வாறனீர். குளிர் காலம், கவனம்.”

நான் ஜேர்மனியில் ஒரு ரெஸ்ரோரன்ட்டில் வேலை செய்கிறேன். கோப்பைகள் கழுவி, குசினி துடைத்து, குப்பை வாளிகளை வெளியே வைத்துவிட்டு நான் புறப்படுவது இரவு பதினொரு மணிக்கு. பின்கதவால்தான். இதை நான் எங்கும் எழுதியதில்லை.

முறைப்பாடு செய்தேன். ஒரு மணித்தியாலத்துக்குள் பதில் வந்தது: விதிமீறல் எதுவும் இல்லை. யோசித்துப் பார்த்தால் அந்தப் பதிலிலும் பிழை சொல்ல முடியாது. அந்த வசனத்தில் தூஷணம் இல்லை, ஆயுதத்தின் பெயர் இல்லை. மொழிபெயர்த்தால், ஒரு மூத்தவர் இளையவன்மீது காட்டும் அக்கறை. எங்கள் தமிழை எங்கள் வரலாற்றோடு சேர்த்து வாசிக்கிறவருக்கு மட்டுமே அது மிரட்டல் என்று விளங்கும்.

அதற்கு முந்திய மே மாதம் இதே தளத்தில் ஒரு படம் போட்டிருந்தேன். பள்ளிக்கூடத்தில் என்னோடு ஒரே வாங்கில் இருந்தவன். 2006 இல் பாதை பூட்டப்படுவதற்கு முன் தாயைப் பார்க்க வன்னிக்குப் போனான். 2009 மே மாதத்துக்குப் பிறகு அவனைக் கண்டவர் யாருமில்லை. எந்த இயக்கத்திலும் இருந்தவனல்ல. படத்தோடு மூன்று வரிகள் எழுதினேன். அன்று மாலையே அது காணாமல் போனது. ஆபத்தான ஆட்கள், அமைப்புகள் தொடர்பான விதியை நான் மீறியதாக ஜேர்மன் மொழியில் இரண்டு வரி வந்தது. ஏன், எப்படி என்று கேட்க அங்கே யாரும் இல்லை.

இந்த இரண்டு அனுபவங்களையும் வைத்துக்கொண்டுதான், இணையத்தின் சட்டவிரோத உள்ளடக்கத்தை அரசு ஒழுங்குபடுத்துவது பற்றி இங்கு நடக்கும் விவாதத்தைப் பார்க்கிறேன்.

*

ஜேர்மன் பாராளுமன்றம் 2017 ஜூன் 30 அன்று வலையமைப்பு அமுலாக்கச் சட்டத்தை நிறைவேற்றியது. அப்போதைய நீதி அமைச்சர் ஹைக்கோ மாஸ் கொண்டுவந்தது. நாட்டில் 20 இலட்சத்துக்கு மேற்பட்ட பதிவுசெய்த பயனர்களைக் கொண்ட தளங்கள், வெளிப்படையாகவே சட்டவிரோதமான பதிவுகளை முறைப்பாடு வந்து 24 மணித்தியாலத்துக்குள் அகற்ற வேண்டும். மற்றவற்றுக்கு பொதுவாக 7 நாட்கள். தொடர்ந்து தவறினால் 5 கோடி யூரோ வரை தண்டம். புதிய குற்றம் எதையும் இச்சட்டம் உருவாக்கவில்லை. இனவெறியைத் தூண்டல், மிரட்டல், அவமதிப்பு என்று குற்றவியல் சட்டத்தில் ஏற்கெனவே இருந்தவற்றைத்தான் அது பட்டியலிட்டது.

ஆயினும் எதிர்ப்பு பலமாக இருந்தது. எல்லைகளற்ற ஊடகவியலாளர் அமைப்பு எதிர்த்தது. கருத்துச் சுதந்திரத்துக்கான ஐ.நா. விசேட அறிக்கையாளர் டேவிட் கேய் கவலை தெரிவித்தார். எங்களை நாட்டைவிட்டு அனுப்பவேண்டும் என்கிற வலதுசாரிகளும் எதிர்த்தார்கள். எங்கள் ரெஸ்ரோரன்ட்டில் பரிமாறும் பெண்மணி கிழக்கு ஜேர்மனியில் பிறந்து வளர்ந்தவர், ஐம்பது தாண்டியவர். “எங்கள் கடிதங்களை ஓர் அரசு வாசித்துக்கொண்டிருந்தது. இன்னொன்று வாசிக்க வேண்டாம்” என்றார். அதை வலதுசாரியின் கூச்சல் என்று தள்ளிவிட முடியாது. இரகசியப் பொலிசின் கோவைகளுக்கு நடுவில் வளர்ந்தவரின் அச்சம் அது.

சந்தேகத்துக்கான காரணம் சட்டத்தின் கட்டமைப்பிலேயே இருந்தது. அகற்றத் தவறினால் தண்டம். அகற்றக்கூடாததை அகற்றினால் தண்டம் இல்லை. முதலாளி எந்தப் பக்கம் சாய்வான் என்று சொல்லத் தேவையில்லை. சட்டம் முழுமையாக அமுலுக்கு வந்த 2018 ஜனவரியின் முதல் நாட்களிலேயே, கெல்ன் பொலிசார் அரபு மொழியில் புத்தாண்டு வாழ்த்துச் சொன்னதைத் தாக்கி எழுதிய வலதுசாரி அரசியல்வாதி பெயாட்ரிக்ஸ் பொன் ஸ்ரோர்க்கின் ட்விட்டர் கணக்கு தற்காலிகமாக முடக்கப்பட்டது. அவரைக் கேலி செய்து எழுதிய டைட்டானிக் அங்கதச் சஞ்சிகையின் கணக்கும் முடக்கப்பட்டது. வெறுப்பையும் வெறுப்பின்மீதான கேலியையும் பிரித்தறிய அங்கே ஒரு வாசகர் இருக்கவில்லை. சில நாட்களில் அமைச்சர் மாஸ் பல வருடங்களுக்கு முன் எழுதிய ட்வீட் ஒன்றும் மறைந்துபோனது.

*

இவ்வளவும் சந்தேகக்காரர்களின் பக்க நியாயம். ஆனால் கணக்குகள் வேறொன்றையும் காட்டின. 2018 முதல் ஆறு மாதங்களில் இச்சட்டத்தின் கீழ் ட்விட்டருக்கும் யூடியூப்புக்கும் தலா இரண்டு இலட்சத்துக்கு மேற்பட்ட முறைப்பாடுகள் வந்தன. பேஸ்புக்குக்கு வந்தவை வெறும் 886. ஜேர்மனியில் பேஸ்புக்கில் வெறுப்பு இல்லை என்பதா இதற்கு அர்த்தம்? சட்டப்படி முறையிடும் படிவத்தைக் கண்டுபிடிப்பதே அங்கு கடினமாக இருந்தது. பெரும்பாலான முறைப்பாடுகள் நிறுவனத்தின் சொந்த விதிகளின் கீழ் போய்ச் சேர்ந்தன. அவற்றை முழுமையாகக் கணக்குக் காட்டவில்லை என்று 2019 ஜூலையில் 20 இலட்சம் யூரோ தண்டம் விதிக்கப்பட்டது.

அரசு எங்கள் வாயைப் பொத்தப்போகிறது என்று எல்லோரும் அரசையே பார்த்துக்கொண்டிருந்தபோது, அன்றாடம் அழிப்பதும் விடுவதும் தனியார் நிறுவனத்தின் வீட்டுச் சட்டத்தின்படியே நடந்தது. அந்த வீட்டுச் சட்டத்துக்கு யாரும் வாக்களிக்கவில்லை. என் நண்பனின் படத்தை அகற்றியதும் அதுதான்.

எதிலும் தலையிடாமல் விடுவோம் என்கிறவர்களிடம் ஒரு பெயரை நினைவுபடுத்த விரும்புகிறேன். வால்டர் லுப்கே, காசல் மாவட்ட நிர்வாகத் தலைவர். 2015 ஒக்டோபரில் அகதி முகாம் ஒன்று பற்றிய கூட்டத்தில் எங்களைப் போன்றவர்களுக்காகப் பேசினார். அப்பேச்சின் வீடியோத் துண்டு இணையத்தில் சுற்றியது, கொலை மிரட்டல்கள் குவிந்தன. 2019 ஜூன் 2 அதிகாலைக்கு முன், தன் வீட்டு முற்றத்தில் தீவிர வலதுசாரி ஒருவனால் சுட்டுக் கொல்லப்பட்டார். எழுத்து எழுத்தாகவே நின்றுவிடும் என்று நம்பும் வசதி எல்லோருக்கும் இல்லை.

*

2021 ஜூலை 29 அன்று ஜேர்மன் உச்ச சமஷ்டி நீதிமன்றம் ஒரு தீர்ப்பு வழங்கியது. பேஸ்புக் ஒரு பதிவை அகற்றினால் எழுதியவருக்கு அதை அறிவிக்க வேண்டும். கணக்கை முடக்குவதானால் முன்கூட்டியே காரணம் சொல்லி, பதில் சொல்ல இடம் கொடுத்து, பிறகே முடிவெடுக்க வேண்டும். இதற்காக வழக்குப் போட்டவர்கள் குடியேறிகளைப் பற்றி மோசமாக எழுதியவர்கள்! என்னை வேண்டாம் என்கிறவர்கள் வென்றெடுத்த உரிமையில்தான் நானும் நிற்க வேண்டியிருக்கிறது. இதைச் சொல்ல எனக்குக் கசக்கிறது. ஆனாலும் சொல்லத்தான் வேண்டும்.

2024 பெப்ரவரி 17 முதல் முழுமையாக அமுலில் உள்ள ஐரோப்பிய டிஜிட்டல் சேவைகள் சட்டம், பழைய ஜேர்மன் சட்டத்தின் இடத்தைப் பெரும்பாலும் எடுத்துக்கொண்டது. இதில் 24 மணித்தியாலக் கடிகாரம் இல்லை. காரணம் சொல்லவேண்டிய கடமையும், மேன்முறையீடும், நீதிமன்றத்துக்கு வெளியே பிணக்கைத் தீர்க்கும் வழியும் எழுத்தில் உண்டு. இது முன்னேற்றமே. ஆனால் தமிழ் தெரியாதவரிடம் மேன்முறையீடு செய்து என்ன பயன் என்ற கேள்வி அப்படியே இருக்கிறது.

இந்தக் கேள்விக்கான விலையை எங்கள் நாடு ஏற்கெனவே கொடுத்திருக்கிறது. 2018 மார்ச்சில் கண்டி திகனையில் முஸ்லிம்களுக்கு எதிரான வன்முறை நடந்தபோது, கொல்லச் சொல்லிச் சிங்களத்தில் எழுதப்பட்டவை பற்றி முறையிட்டவர்களுக்கு, விதிமீறல் இல்லை என்றே பேஸ்புக்கிடமிருந்து பதில் கிடைத்தது. அரசோ சமூக வலைத்தளங்களை மொத்தமாக முடக்கியது. நிறுவனம் 2020 இல் மன்னிப்புக் கேட்டது. 2019 ஏப்ரலில் எழுத்தாளர் சக்திக சத்குமார, பேஸ்புக்கில் வெளியிட்ட ‘அர்த’ என்ற சிங்களச் சிறுகதைக்காகக் கைதானார். கதை பௌத்தத்தை அவமதித்ததாம். வெறுப்பைத் தூண்டுவதைத் தடுக்கவென்று 2007 இல் வந்த சட்டத்தின் கீழ் நான்கு மாதங்களுக்கு மேல் சிறையில் இருந்தார். கொலை அழைப்பு தப்பிக்கொள்ள, சிறுகதை பிடிபட்டது. 2024 ஜனவரியில் பாராளுமன்றம் நிறைவேற்றிய நிகழ்நிலைக் காப்புச் சட்டம், எது பொய்யான கூற்று என்று தீர்மானிக்கும் அதிகாரத்தை ஐந்து பேர் கொண்ட ஆணைக்குழுவிடம் கொடுத்தது. அங்குள்ள எம்மவர் அதைச் சந்தேகிப்பதையும், இங்கு ஒரு ஜேர்மனியர் தன் அரசைச் சந்தேகிப்பதையும் ஒரே தராசில் வைக்க முடியாது. இவருக்கு நீதிமன்றத்தில் வெல்லலாம் என்ற நம்பிக்கை உண்டு.

*

அந்த வசனத்தைத் தாளில் அச்சடித்துக்கொண்டு பொலிஸ் நிலையம் ஒன்றுக்கும் போனேன். உத்தியோகத்தர் மொழிபெயர்ப்பை வாசித்துவிட்டுச் சிரித்தார், “நல்ல மனிதர் போலிருக்கிறதே.” நான் உட்கார்ந்து விளங்கப்படுத்தினேன். “கவனம்” என்ற சொல் எங்கள் ஊரில் யாரால், எப்போது, எந்தக் குரலில் சொல்லப்பட்டது என்று. கால் மணித்தியாலம். அவர் சிரிப்பை நிறுத்தி எழுதத் தொடங்கினார்.

ஆளைக் கண்டுபிடிக்கவில்லை. சில மாதங்களின் பின், விசாரணை நிறுத்தப்பட்டதாக அரச வழக்கறிஞரிடமிருந்து கடிதம் வந்தது. ஏன் என்று அதில் காரணம் இருந்தது. உடன்படாவிட்டால் எத்தனை நாட்களுக்குள் யாரிடம் முறையிடலாம் என்றும் இருந்தது. நான் தோற்றுப்போனேன் என்பது உண்மைதான். ஆனால் ஒரு மேசைக்கு முன்னால் இருந்து, என் சொல்லை விளங்கப்படுத்தித் தோற்றேன்.

சட்டம் வேண்டுமா வேண்டாமா என்று குசினியில் இன்னும் விவாதிக்கிறோம். எனக்கு அந்தக் கேள்வியில் இப்போது அக்கறை குறைவு. அகற்றுகிறவர் யார், அவருக்கு என் மொழி தெரியுமா, அவருக்கு முன்னால் எனக்கு ஒரு கதிரை உண்டா? எந்தச் சட்டம் வந்தாலும் இந்த மூன்றையும்தான் கேட்பேன்.

சாதி பற்றிய அந்தக் குறிப்பை நான் அகற்றவில்லை. அதற்குக் கீழே அந்த வசனமும் அப்படியே இருக்கிறது. இரவு பதினொரு மணிக்குப் பின்கதவைத் திறக்கும்போது, முதலில் இரண்டு பக்கமும் பார்க்கிறேன்.