மாயக்கதைக்கு எந்த வாசல்?

ஹாரி பாட்டரை முடித்த நம் வீட்டுப் பிள்ளைகள், “தமிழ்ல இந்த மாதிரி என்ன இருக்கு?” என்று கேட்கிறார்கள். உடனே ஜெயமோகனின் ‘விஷ்ணுபுரம்’ (1997) நாவலை நீட்டுகிறவர்கள் உண்டு. பெரிய படைப்புதான், மறுக்கவில்லை. ஆனால் தத்துவ விவாதங்கள் நிறைந்த அந்த நூலைப் புதிதாக வருபவர் இருபதாம் பக்கத்திலேயே மூடிவிடுவார்.

முதலில் ஏ.கே. ராமானுஜன். 1929-இல் இதே மைசூரில், தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர். அவர் மறைவுக்குப் பின் 1997-இல் ஆங்கிலத்தில் வெளிவந்த ‘எ ஃப்ளவரிங் ட்ரீ’ தொகுப்பில் ஒரு கன்னட நாட்டுப்புறக் கதை. ஒரு குடம் தண்ணீர் ஊற்றினால் பெண் பூமரமாகிறாள்; இன்னொரு குடம் ஊற்றினால் மறுபடி பெண். நாத்தனாரும் தோழிகளும் கிளைகளை ஒடித்துப் போட்டு ஓடிவிட, கைகால் இல்லாத உடலாகத் திரும்புகிறாள். மாயம் இங்கே அடுத்தவர் கையின் பதத்தை நம்பியிருக்கிறது. மந்திரக்கோல் கதைகளில் எனக்கு இந்த நடுக்கம் கிடைத்ததில்லை. தமிழ் எழுத்து தெரியாத பிள்ளைகளும் இதைப் படிக்கலாம், அதுவே நமக்குப் பெரிய வசதி.

அடுத்து, புதுமைப்பித்தனின் ‘கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்’ (1943). சென்னைக்கு வந்த கடவுளிடமே பிள்ளை தம் வைத்தியப் பத்திரிகைக்கு ஜீவிய சந்தா கேட்கிறார்! இதைப் பெரியவங்க யாராவது சத்தமா வாசிச்சுக் காட்டணும். அந்தப் பேச்சு காதில் விழுந்தால்தான் ருசி. ‘விஷ்ணுபுரம்’ கல்லூரிக் காலத்துக்கு இருக்கட்டும்.